எம்முக்குப் பின்னால் பி ஏன் பேசுவதில்லை

எழுத்துகள் ஆட்களைப்போல எழுந்து நடமாடி, தங்கள் குரலில் தாங்களே பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. வடக்கே, கடல் சூழ்ந்த குளிர்நாட்டில் ஆங்கில எழுத்துகள் குடியிருந்தன. அங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு வீடு. ஒன்றின் பெயரை யாராவது கூப்பிட்டால், அந்த வீட்டு எழுத்துகள் வாசலுக்கு வந்து வரிசைப்படி குரல் கொடுக்கும். கடைசி எழுத்தும் குரல் கொடுத்து முடித்ததும், அந்தப் பெயருக்கு உரியது எங்கே இருந்தாலும் எழுந்து வந்துவிடும். வராமல் இருக்க அதனால் முடியாது.

எம்மும் பியும் அக்கா தங்கை. இருவருமே உதட்டால் பேசுகிறவர்கள். அக்கா உதட்டை மூடியபடியே முனகுவாள். தங்கை மூடிய உதட்டைப் பட்டென்று திறப்பாள். அக்காவை விட்டு அவள் இருக்க மாட்டாள் என்பதால் பல வீடுகளில் இருவரையும் சேர்த்தே கடைசியில் குடிவைத்திருந்தார்கள். சீப்பின் வீட்டில் அப்படி, கட்டைவிரலின் வீட்டில் அப்படி. ஆனால் பிக்கு உயிர் எல்லாம் ஆட்டுக்குட்டியின் வீட்டில்தான். எல், ஏ, எம், பி என்று நால்வர் அங்கே. பி உதட்டைத் திறந்த மறுகணம் குட்டி துள்ளிக்கொண்டு வரும். தன் குரலுக்குத்தான் வருகிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வீட்டை ஒட்டி ஹில்டா என்ற இடைச்சி பட்டி போட்டிருந்தாள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம். ஒரு கொடும் பனிக்காலத்தில் நோய் வந்து மந்தையே மடிந்தது. மிஞ்சியது ஒரு பெண்குட்டி மட்டும். அதன் தாய் மேயப்போன இடத்தில் பனிப்புயலில் சிக்கியது. உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. குட்டிக்கு ஹில்டா கையாலேயே பால் புகட்டி வந்தாள். அது பிழைத்தால் மந்தை மறுபடி முளைக்கும், இல்லாவிட்டால் அவளோடு எல்லாம் முடிந்தது என்ற நிலை.

பாலும் தீர்ந்தது. மலைக்கு அப்பால் ஒரு வீட்டில் கறவை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஹில்டா புறப்பட்டாள். பட்டியைச் சுற்றிக் கொஞ்ச நாளாக ஒரு ஓநாய் திரிவது அவளுக்குத் தெரியும். வேலிக்கு வெளியே படுத்துக் காது கொடுத்துக் கேட்டே அது பிறர் குரலில் பேசப் பழகியிருந்தது. அதனால் போகுமுன் பியைத் தேடி வந்தாள்.

எல்லுக்கு நாக்கு ஒரு இடத்தில் நிற்காது, ஏயின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும், உன் அக்காவோ முனகாமல் இருக்க மாட்டாள், அவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்றாள் ஹில்டா. "நீ ஒருத்தி உதட்டைத் திறக்காவிட்டால் போதும், பி. யார் கூப்பிட்டாலும் சரி. நான் வந்தால் கூப்பிட மாட்டேன், நேரே உள்ளே வந்துவிடுவேன்."

பி சத்தியம் செய்து கொடுத்தாள்.

ஹில்டா போனதும் மூடுபனி இறங்கியது. பட்டிக்குள் குட்டி பசியில் கத்தத் தொடங்கியது. முதலில் உரக்கக் கத்தியது. பிறகு கத்த வலுவில்லாமல் விட்டுவிட்டுக் கத்தியது. பி வாசலில் நின்று மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஹில்டாவும் வழியில் விழுந்துவிட்டாளோ என்று நினைத்தாள்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு தாயாட்டின் குரல், குட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. எல் குரல் கொடுத்தது. ஏ குரல் கொடுத்தார். எம் முனகினாள். பி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மறுபடியும் அதே குரல். தான் சாகவில்லை என்றது. பனிக்குழிக்குள் கிடந்து இன்றுதான் ஏறி வந்தேன், கால் ஒடிந்துவிட்டது, வேலி தாண்ட முடியவில்லை என்றது. "மடி கனத்து வலிக்கிறது, பி. என் பிள்ளை பசியில் கத்துவது இங்கே வரை கேட்கிறது. அதை என்னிடம் அனுப்ப மாட்டாயா?"

எம் தங்கையின் கையைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம் என்றுதான் முனகினாள். பிக்கும் அது புரிந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பட்டிக்குள் கத்தல் நின்றுபோனது. இனி யாருக்காகக் காத்திருப்பது என்று பி நினைத்தாள். உதட்டைத் திறந்தாள்.

குட்டி தள்ளாடி எழுந்து, வேலி இடுக்கில் நுழைந்து, மூடுபனிக்குள் போனது. பிறகு கேட்டதை அக்காவும் தங்கையும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் ஹில்டா வந்து சேர்ந்தாள். பால் குடம் ஆறிவிடாமல் போர்வைக்குள் அணைத்திருந்தாள். வேலியோரம் பனியில் கிடந்த ரோமத்தைப் பார்த்தாள். பி தான் உதட்டைத் திறந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஹில்டா திட்டவில்லை. குடத்தை அணைத்தபடியே குனிந்து அந்த ரோமத்தைப் பொறுக்கினாள்.

"பசியிலேயே செத்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது" என்றாள் கடைசியில். "ஆனால் நான் வந்துகொண்டுதான் இருந்தேன், பி."

 அந்தப் பனிக்காலம் முடியும் முன்பே ஹில்டாவும் போய்ச் சேர்ந்தாள். அவளைப் புதைத்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கல்லறைக்கான அந்தச் சொல்லுக்கு டியையும் ஓவையும் அழைத்தவர்கள், கடைசியில் நிற்க அக்கா தங்கையையே கூட்டிப்போனார்கள்.

பி, எழுத்துகளுக்கெல்லாம் மூத்தவரான ஏயிடம் போய், தன்னை ஆட்டுக்குட்டியின் வீட்டிலிருந்து அழித்துவிடும்படி கேட்டாள். அவரும் அன்று அந்த வரிசையில் நின்றவர்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிய இடத்தை விட்டு எழுத்து போக முடியாது என்று மட்டும் சொன்னார்.

"அப்படியானால் நிற்கிறேன்" என்றாள் பி. "அக்காவுக்குப் பின்னால் கடைசி ஆளாக நான் நிற்கும் எந்த வீட்டிலும் இனி என் உதடு பிரியாது."

அதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தான் குரல் கொடுக்காவிட்டால் கூப்பாடு முடிவதில்லை. எந்தக் குட்டியும் இனி எந்த ஓநாயிடமும் போகாது. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வசந்தம்வரை உயிரோடு இருந்தாள்.

வசந்தத்தில் வேறொரு இடையன் வந்து பட்டி போட்டான். குட்டியைக் கூப்பிட்டான். எல், ஏ, எம் மூவரும் குரல் கொடுத்தார்கள். பி வாய் மூடி நின்றாள். குட்டி தலையைத் தூக்கிக் கொஞ்சம் காத்திருந்தது. எதுவும் கேட்காமல் போகவே, எம்மின் முனகலையே போதும் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்தது. குட்டிகளுக்கு அதுவே பழகிப்போனது. அடுத்த குளிரில் ஓநாயும் அப்படியே கூப்பிடக் கற்றுக்கொண்டது. அதற்கும் குட்டி போனது.

எம் தங்கையின் பக்கம் திரும்பினாள். இனி நீ வாய் மூடி நிற்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, பேசிவிடு என்று கெஞ்சினாள். பியும் முயன்றாள். அக்காவின் பின்னால் நின்றபடி எத்தனையோ முறை முயன்றாள். உதடுகள் பிரியவில்லை.

மற்ற இடங்களில் அவளுக்குக் குரல் உண்டு. பஸ் என்றால் முன்னால் நின்று பேசுவாள். நம்பர், டிசம்பர் என்று பின்னால் யாராவது துணை நின்றாலும் பெரும்பாலும் பேசிவிடுவாள். அக்காவின் பின்னால் தனியாக நிற்கும்போதுதான் அந்த மூடுபனி அவள்மேல் இறங்கிவிடும். 'கோம்' என்றால் சீப்பு, 'தம்' என்றால் கட்டைவிரல், 'நம்' என்றால் மரத்துப்போவது, 'டம்' என்றால் ஊமை, 'வூம்' என்றால் கருப்பை, 'டூம்' என்றால் கல்லறை. எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், எதிலும் கேட்பதில்லை. பாம் என்ற சொல்லில் முதலில் வெடிப்பவளும் அவள்தான், முடிவில் வாயடைத்து நிற்பவளும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை எழுதாமல் விட்டால் சிவப்பு மை விழுகிறது. படிக்கும்போது சொன்னால் வகுப்பே சிரிக்கிறது.

ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டிக்கு 'லேம்' என்று எழுதுகிற கை பியைக் கடைசியில் நிறுத்துவதும், அதைப் படிக்கிற வாய் எம்மோடு மூடிக்கொள்வதும் ஹில்டாவின் அந்தப் பனிக்காலம் தொட்டு வருகிற வழக்கம்தான்.