ஓடாத வேனும் நாலாயிரம் குஞ்சுகளும்

சென்னியப்பன் சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினான். அதே கதைதான். வேனுக்குப் பின்னால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளுக்குள் நாலாயிரம் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. காலையில் பொரித்தவை. மணி பதினொன்று.

"ஏனுங் பாய், வேற பெட்டி மாட்டியும் இப்படிப் பண்ணுதே?"

வண்டி எலக்ட்ரீஷியன் அன்சாரி, தான் அரைமணிக்கு முன்னால் மாட்டிய பெட்டியை, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர். இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியப் பெட்டி. எப்போது எவ்வளவு டீசல் போகணும் என்று இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். அது செத்தால் வண்டியும் செத்த மாதிரி. பதினாறு வருஷ வேனில் போன வாரம் அப்படித்தான் ஆனது. அந்த மாடலுக்குப் புதுப் பெட்டி இப்போது வருவதில்லை. கோயம்புத்தூரில் உடைக்கப் போட்டிருந்த அதே மாடல் வேன் ஒன்றை அன்சாரி தேடிப் பிடித்தார். இன்ஜினை ஓட்டிப் பார்த்தார், நன்றாக ஓடியது. பெட்டியைக் கழற்றி, பல்லடம் பஸ்ஸில் பார்சல் போட்டார். மறுநாள் காலை தானே வந்து மாட்டுவதாகப் போனில் சொன்னார்.

சென்னியப்பனுக்கு அந்த ஒரு நாள் போவது ஒரு யுகமாக இருந்தது. ஒரு வாரமாகக் குஞ்சு ஏற்றுவது வேறொருத்தன் வண்டி. குஞ்சு பொரிக்கும் பண்ணையின் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்: "நாளைக்கு ஒரு மணிக்குள்ள குஞ்சு உடுமலையில இருக்கோணும். இல்லீன்னா இந்த ரூட்டு இனி அவனுக்குத்தான்." ரூட் போனால் வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டு முன்னால் நிறுத்திப் பொட்டு வைக்கலாம்.

பஸ் வந்த சாயங்காலம் நல்ல மழை. கண்டக்டர் கொடுத்த பார்சலின் மேல் பிளாஸ்டிக் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பண்ணை வாசலிலேயே பிரித்தான். உள்ளே சுற்றியிருந்த பேப்பர் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது. பெட்டியோ மழைக்காற்றில் சில்லிட்டிருந்தது. மூடியின் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"நனைஞ்சிருக்குமோ அக்கா?" என்றான்.

மயிலாத்தாள்தான் அங்கே குஞ்சு பொரிக்கும் மிஷின் ரூமுக்குப் பொறுப்பு. எத்தனையோ லட்சம் குஞ்சைப் பார்த்தவள். "ஈரமாப் பொறக்கிற குஞ்சே மிஷினுக்குள்ள காஞ்சு பஞ்சு மாதிரி வருது. இந்தப் பெட்டி காயாதா தம்பி? கொண்டா இங்க."

அடுத்த ஈடு முட்டை அடுக்கியிருந்த மிஷினின் கதவைத் திறந்தாள். திறந்ததுமே அவள் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பெட்டியை முட்டைத் தட்டுக்கு நடுவில் வைத்தாள். அப்படியே கீழே இருந்த தட்டில் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் இன்னொரு சொம்பு. அன்சாரி வந்ததும் பெட்டியை வெளியே எடுத்துத் துண்டால் துடைத்துக் கொடுத்தான் சென்னியப்பன்.

இப்போது அன்சாரி பெட்டியைத் திரும்பக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே பொடிப்பொடியாக நீர்முத்துகள்.

"அந்தக் கண்டக்டர் பண்ணுன வேலைங் பாய்," என்றான் சென்னியப்பன். "மழையில போட்டு நனைச்சுட்டான்."

"உடைச்ச வண்டிப் பெட்டிதானுங்?" என்றாள் மயிலாத்தாள். "அங்கயே தண்ணி போயிருக்கும். பாய் பாக்காம வாங்கிட்டாரு."

"நேத்து என் கண்ணு முன்னாடி ஓடுச்சுக்கா. இங்க வந்துதான் நனைஞ்சிருக்கு."

"இங்க எப்படிங் நனையும்? ராத்திரி பூராம் மிஷினுக்குள்ள சூடால்ல இருந்துச்சு!"

அன்சாரி மெதுவாகத் திரும்பி சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் டயரைப் பார்த்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்டக்டர் மழையில் விட்டாரா, அன்சாரி கெட்ட பெட்டியை வாங்கினாரா, இல்லை பண்ணையிலேயே கெட்டதா? மூன்று பேரில் யார் சொன்னது சரி?

விடை: அன்சாரி சொன்னதுதான் சரி. மழை உள்ளே போயிருந்தால் பேப்பர் மொறமொறவென்று இருந்திருக்காது. மிஷினுக்குள் சூடு இருக்கிறது, ஆனால் முட்டை வறளக் கூடாதென்று ஈரத்தையும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். மயிலாத்தாளின் சில்லென்ற மூக்குக்கண்ணாடியில் படிந்த அதே ஆவி, சில்லென்ற பெட்டிக்குள்ளும் கிழிந்த ரப்பர் வழியாகப் புகுந்தது. வெளியே எடுத்து ஆறியதும் தண்ணீராக நின்றது. குஞ்சு காயும் இடத்தில் எல்லாம் காயும் என்று மயிலாத்தாள் நினைத்தாள், அவ்வளவுதான். அன்சாரி ஸ்பிரிட்டால் துடைத்து, ஃபேன் அடியில் வைத்துக் காய வைத்தார். மூன்று மணிக்கு வேன் முதல் திருகிலேயே ஓடியது. குஞ்சுகள் பன்னிரண்டு மணிக்கே அடுத்தவன் வண்டியில் போயாகிவிட்டது. பெட்டி பிழைத்தது, ரூட் பிழைக்கவில்லை.

முந்தின நாள் போனில் அன்சாரி சொன்னது இவ்வளவுதான்: "பார்சலைப் பிரிக்காதீங்கண்ணா. அப்படியே பீரோ மேல வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க." வீட்டில் பீரோ இருந்தது. அதன் மேல் இடமும் இருந்தது.