கீழே விழுந்த முள்

பஸ் கண்டக்டர் வேலையை உதறிவிட்டு, ஐம்பது வயதில் மெக்கானிக் ஆக வந்தவர் சடையப்பன். கற்றுக்கொடுத்த பொற்கொடிக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவள் இவரை அண்ணே என்பாள். இவர் அவளை மாஸ்டர் என்பார். மேட்டுப்பாளையத்தில், மலை ஏறும் ரோட்டோரம் அவள் பட்டறை.

அன்று ஜெபராஜ் தன் வேனைக் கொண்டுவந்தார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பேய் பிடித்த மாதிரி ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. சடையப்பன் சென்சாரை மாற்றினார். மீட்டரையும் மாற்றினார். ம்ஹும்! சனியன் பிடித்த முள் அடங்கவே இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தண்ணி பாத்தீங்களா அண்ணே?"

"ரேடியேட்டர் பக்கத்து பாட்டில் நிறைய இருக்கு மாஸ்டர்."

சொல்லி வாய் மூடவில்லை, முள் இறங்கிக் கீழ்க்கோட்டில் படுத்துவிட்டது. பிறகு அசையவில்லை.

"அப்பாடா! சாவியைக் குடும்மா," என்றார் ஜெபராஜ். "ஸ்கூல் பிள்ளைங்க காத்துக் கிடக்குது. கோத்தகிரி போகணும்."

பொற்கொடி இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டாள்.

"தர மாட்டேன்."

"என்னது? என் வண்டிம்மா!"

"வண்டி உங்களோடது. பிள்ளைங்க?"

சடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தனியாகச் செய்த முதல் வேலை அது. "குடுத்துடுங்க மாஸ்டர். அதான் சரி பண்ணிட்டேன்ல!"

அவள் வாளியில் கையை நனைத்து இன்ஜின் மேல் உதறினாள். சுர்ரென்று ஆவி பறந்தது. முள் கீழே படுத்த பிறகும் இன்ஜின் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

இன்ஜின் ஆறியதும் சடையப்பன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் அடிப்பக்கக் குழாய் வெடித்து எல்லாம் ஒழுகியிருந்தது. பாட்டில் தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை.

"ஒரு வாளி ஊத்தி அனுப்புங்கப்பா, நேரமாச்சு," என்றார் ஜெபராஜ்.

சடையப்பன் மூடியை மடியில் கட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"குழாய் மாத்தாம வண்டி நகராது. போறதா இருந்தா என் மேல ஏத்திட்டுப் போங்க!"

ஜெபராஜ் முணுமுணுத்துக்கொண்டே வேறு வண்டிக்குப் போன் போட்டார்.

சடையப்பன் மெல்லக் கேட்டார்: "சென்சார் புதுசு மாஸ்டர். கொதிக்கிறப்ப ஏன் கீழ விழுந்துச்சு?"

"தண்ணி தொட்டாத்தான் அதுக்குச் சூடு தெரியும். விட்டு விட்டுத் தொட்டப்ப ஆடுச்சு. அப்புறம் தொட ஒண்ணுமே இல்லை."

"அது உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"ஆடின வரைக்கும் எனக்குப் பயமில்லைண்ணே. அடங்கினப்பதான் பயந்தேன்."