மூன்றாவதாக ஓடுகிறவள்

“அவளுக்குக் கட்டை வாங்கவே தெரியலக்கா. அவளுக்குப் போய்க் கடைசி ஓட்டமா?”

முத்தரசி கேட்டாள். கேட்டுவிட்டு ஷூ நாடாவை அவிழ்த்தாள். அவிழ்த்ததை மறுபடியும் கட்டினாள்.

ஆவுடைச்செல்வி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பயிற்சியாளர். முத்தரசியைவிட மூன்றே வயது மூத்தவள். முழங்கால் போனதும் ஓட்டத்தை விட்டுவிட்டு விசிலை எடுத்தவள்.

நான்கு பெண்கள் ஓடும் தொடர் ஓட்டம் அது. ஆளுக்கு நூறு மீட்டர். கையில் இருக்கும் கட்டையை அடுத்தவளிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. முதல் இரண்டு பேர் கேரளத்துப் பெண்கள். மூன்றாவது முத்தரசி. அவள் வளைவில் ஓடி வந்து ஜெனிட்டாவிடம் கொடுப்பாள். ஜெனிட்டா நேராக ஓடி முடிப்பாள்.

ஒலிம்பிக் போக ஒரு தகுதி நேரம் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு அதைவிடக் கால் நொடி கூடுதலாகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்தான் கடைசி வாய்ப்பு. கால் நொடியைக் குறைத்தால் நாலு பேரும் விமானம் ஏறலாம். இல்லையென்றால் நாலு பேரும் ஊருக்கு பஸ் ஏறலாம்.

“அந்தக் கால் நொடி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் கொடுக்கிற இடத்துலதான் போகுது. ரெண்டு தரம் தடவித் தடவி வாங்குதா. கேட்டா ‘வழுக்குது’ங்கா. வழுக்குறதுக்கு அது என்ன, விலாங்கு மீனா?”

“அவ தூத்துக்குடிக்காரியாச்சே. மீனே வழுக்காதே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!”

ஆவுடைச்செல்வி ஒரு சுளையை நீட்டினாள். முத்தரசி வாங்கவில்லை.

“வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்ல.”

“சரி.”

“போன மாசம் பேப்பர்ல போட்டோ போட்டாங்கல்ல?”

“பார்த்தேன்.”

“அவ ரெண்டு கையையும் விரிச்சிட்டு நிக்கா. ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான்.”

“நல்ல முழங்கை.”

“எங்கம்மா போன் போட்டு, ‘ஏட்டி, நீ ஓடவே இல்லையா?’ன்னு கேக்கா.”

ஆவுடைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தரசிக்கு வரவில்லை.

போட்டோ மட்டும் என்றால் பரவாயில்லை. ஜெனிட்டாவோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள், எடுத்துத் தரச் சொல்லி முத்தரசியிடம் போனை நீட்டினார்கள். ஜெனிட்டா ஐந்து தோசை தின்றாலும் எடை ஏறவில்லை. மத்தியானம் படுத்த உடனே தூங்கிப் போனாள். பக்கத்துக் கட்டிலில் முத்தரசி அந்தத் தூக்கத்தையும் பார்த்து வயிறு எரிந்தாள்.

“நான் கடைசியில ஓடுறேன்க்கா. அவ வளைவுல ஓடட்டும். ஒரே ஒரு தடவை.”

திட்டு விழும் என்று நினைத்தாள்.

“ஓடேன்,” என்றாள் ஆவுடைச்செல்வி.

அவ்வளவுதான். மீதிச் சுளைகளையும் தானே தின்று முடித்தாள்.

*

மறுநாள் காலை ஜெனிட்டாவிடம் சொன்னார்கள்.

“வளைவா? சரிக்கா,” என்று முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

அவள் வருத்தப்படாததும் முத்தரசிக்குப் பிடிக்கவில்லை.

விசில் ஒலித்தது. முதல் பெண் கிளம்பினாள்.

முத்தரசி கடைசி இடத்தில் நின்றாள். கட்டை வாங்குகிறவள் ஓடத் தொடங்கிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் “கை!” என்று கத்துவாள். கத்தியதும் கையைப் பின்பக்கம் நீட்ட வேண்டும். மற்றதெல்லாம் கொடுக்கிறவள் பொறுப்பு.

இரண்டு வருஷமாக முத்தரசி ஜெனிட்டாவிடம் கத்துகிறவளாகவே இருந்திருக்கிறாள். அவளிடம் வாங்கக் கை நீட்டியதில்லை.

ஓடத் தொடங்கினாள். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

“கை!”

இடது கையை நீட்டினாள்.

பின்னால் நீண்ட வெறுங்கை. கண்ணுக்குத் தெரியாத கை. அவளுக்குச் சட்டென்று பயமாக இருந்தது. கிடைக்காவிட்டால்?

கிடைத்தது. உள்ளங்கை நிறையக் கிடைத்தது. சுடுகிற பாத்திரத்தைக் கொடுக்கும்போது கைப்பிடியை வாங்குகிறவர் பக்கம் திருப்பிக் கொடுப்போமே, அப்படி வந்து உட்கார்ந்தது. விரல்கள் எதையும் தேடவில்லை. தாமாக மூடிக்கொண்டன.

ஓடினாள். கோட்டைத் தாண்டினாள்.

ஆவுடைச்செல்வி கடிகாரத்தைக் காட்டினாள். கால் நொடி குறைந்திருந்தது. அதற்கு மேலும் ஒரு துளி குறைந்திருந்தது.

“பார்த்தீங்களாக்கா! நான் சொன்னேன்ல!”

முத்தரசி கட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தாள். கேரளத்துப் பெண்களும் தூரத்தில் நின்று குதித்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை நான்தானே கடைசி?”

“இரு. தனித்தனியா நேரம் பார்ப்போம்.”

ஆவுடைச்செல்வி செல்போனில் எடுத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நோட்டில் குறித்தாள். நேற்றைய பக்கத்தைப் புரட்டினாள்.

“மொத ரெண்டு பேரும் நேத்து மாதிரியே ஓடியிருக்காங்க.”

“ம்.”

“கடைசி நூறு மீட்டர்ல, நேத்து ஜெனிட்டா ஓடினதைவிட நீ மெதுவா.”

முத்தரசியின் குதிப்பு நின்றது.

“அப்போ வளைவுல அவ என்னைவிட வேகமா?”

“இல்ல. அவளும் உன்னைவிட மெதுவாத்தான்.”

“அது எப்படிக்கா? ரெண்டு பேருமே மெதுவா ஓடினா நேரம் எப்படிக் குறையும்?”

“எனக்கும் அதே சந்தேகம்தான்.”

இதற்குள் ஜெனிட்டா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். நேரத்தைக் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முத்தரசியைத்தான் பார்த்தாள்.

“நல்லா கைக்கு வந்துச்சாக்கா? எனக்குக் கொடுத்துப் பழக்கமில்ல. நீங்க தடவக் கூடாதேன்னு நுனியில ரெண்டு விரல்லதான் பிடிச்சிருந்தேன். கீழ போட்டிருவேனோன்னு உசுரே போச்சு.”

முத்தரசி தன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள்.

“சரி, நேரமாச்சு. கட்டையைக் கொடு, பையில வைக்கணும்,” என்றாள் ஆவுடைச்செல்வி. சொன்னவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இடது கையைப் பின்பக்கம் நீட்டினாள்.

முத்தரசி எப்போதும் கொடுப்பதைப் போலவே நடுவில் இறுக்கிப் பிடித்து நீட்டினாள்.

ஆவுடைச்செல்வியின் விரல்கள் மூடின. திறந்தன. இன்னும் கொஞ்சம் மேலே தடவின. மறுபடியும் மூடின. மூடிய விரல்களுக்குள் இருந்தது முத்தரசியின் முஷ்டி.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஜெனிட்டா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கட்டையைத்தான் கேட்டேன் முத்தரசி,” என்றாள் ஆவுடைச்செல்வி, திரும்பிப் பார்க்காமலே. “உன் கையைக் கேக்கல.”