போதும் என்று சொல்ல வேண்டியவள்

பூவாயியைச் செங்கான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு முற்பகலில். பாம்புக்குக் கால் இருந்த, எல்லா உயிரும் பேசிய அந்தக் காலத்தில், இருவரும் மலைப்பாம்புத் தம்பதி. அடைகாத்துக்கொண்டிருந்தவள் நாலு காலையும் ஊன்றி எழுந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன். சூடு ஆறாம பாத்துக்குங்க."

"நேரமாச்சுன்னா போதும்னு நான் சொல்லவா புள்ள?"

"முப்பது தட்டுதான் கணக்கு. நானே வந்து சொல்றேன்னு உள்ளயும் சொல்லிட்டேன்."

முட்டைகளுக்குள் உயிரணுக்கள் வேலையில் இருந்தன. ஒன்று தட்டும், பக்கத்து அணுவிடம் சொல்லும், அதுவும் தட்டும். ஒரு தட்டுக்கு முதுகில் ஓர் எலும்பு. பெற்றவர் "போதும்" என்றால் தட்டுவதை நிறுத்திவிட்டு, மிச்சச் சதையில் கால் செய்யும்.

ஓடைக்கரையில் கழுகு இறங்கியது. பார்த்த உடும்பு ஓடி வந்தது.

"மாமா, அத்தையைக் கழுகு கொண்டுபோயிருச்சு. நீங்களே போதும்னு சொல்லிருங்க."

செங்கான் முட்டைகளின் மேல் வாய் வைத்தான். உள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, முப்பது ஆச்சு. அம்மா எங்க?"

"வந்துருவா" என்றான்.

"அப்ப அதுவரைக்கும் தட்டுறோம்."

உடும்பு தலையில் அடித்துக்கொண்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா? சதை தீந்தா புள்ளைங்களுக்குக் கால் யாரு குடுப்பா, கழுகா?"

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை அவன் சொன்னால் அவள் செத்துப்போனது உறுதியாகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான். மறுநாளும் படுத்தான். அறுபது, நூறு, இருநூறு. தட்டும் சத்தம் நிற்கவில்லை. முந்நூறு தாண்டிய பிறகுதான் கத்தினான்.

"போதும்! அவ வரமாட்டா. செத்துட்டா."

எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அணுக்கள் மிச்சமிருந்த சதையை வழித்துப் பார்த்தன. காலுக்குப் போதவில்லை; இரண்டு நகத்துக்குத்தான் இருந்தது.

ஓடு உடைத்து வந்தவை நீளம் நீளமாக அவனைக் கடந்து ஊர்ந்தன. ஒன்று மட்டும் நின்று அவன் காலைப் பார்த்தது.

"உனக்கு மட்டும் எப்படி?"

அவன் காலை உடம்புக்கடியில் இழுத்துக்கொண்டான். அதுவும் போய்விட்டது. ஒன்றுகூட "வரேன்" என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஊர ஆரம்பித்த பாம்புகளின் வம்சம்தான் இன்னும் ஊர்கிறது. எந்தக் குட்டியும் பெற்றவரிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சின்ன நகங்கள் இருக்கின்றன.