செவ்வாய்க்கிழமையின் அறை

மலையடிவாரத்து ஆசிரமத்தின் குரு திலகவதி அம்மா சென்னையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர். சீடர் ஏகாம்பரம் பணி ஓய்வுக்குப் பின் வந்தவர், குருவைவிட மூத்தவர். சமையலறையில் கருணைக்கிழங்கு நறுக்கிக் கை அரித்துப் போய், கெஞ்சிக் கூத்தாடி ஆசிரமத்தின் இணையதளத்தைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்.

தளமோ நகர மறுத்தது. பக்கம் திறப்பதற்குள் பக்தர்கள் ஒரு பதிகமே பாடி முடித்தார்கள்.

"பௌர்ணமிக்குள்ள சரியாகலைன்னா வெளியாள்கிட்ட கொடுத்துடலாம்," என்றார் அம்மா. "சமையலறையிலயும் ஆள் தேவைப்படுது."

ஏகாம்பரத்துக்கு உள்ளங்கை அரித்தது.

செவ்வாய்க்கிழமை துள்ளிக்கொண்டு வந்தார். "அம்மா, தளம் இப்பப் பறக்குது! கேஷ்னு ஒரு வித்தை. ஒருத்தர் கேட்டதும் உள்ளே போய்ப் பதிலை எடுத்துவந்து வாசல்லயே வச்சுக்கும். அடுத்து யார் கேட்டாலும் அதையே நீட்டிடும். உள்ளே போற வேலையே இல்லை."

"எத்தனை நாள் வச்சிருக்கும்?"

"ஒரு வாரம்."

"எல்லாத்தையுமா?"

"பாரபட்சமே கிடையாதும்மா."

அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார்.

பௌர்ணமியன்று காலை, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று வழக்கம்போல் கேட்டார் ஏகாம்பரம்.

"ஆச்சு," என்றார் அம்மா. இட்லித் தட்டு அருகில் காலியாக இருந்தது.

வெயில் ஏறியதும் வேன்கள் வந்து நின்றன. பெட்டி, தலையணை, கைக்குழந்தை சகிதம் குடும்பங்கள் இறங்கின. எல்லோர் கைப்பேசியிலும் ஆசிரமத் தளம் 'அறைகள் காலி' என்று பச்சையாக மின்னியது. அறைகள் புதன்கிழமையே நிரம்பிவிட்டிருந்தன.

"பொய் சொல்லுதா உங்க தளம்?" என்றாள் விருதுநகரிலிருந்து வந்த செண்பகவல்லி.

ஏகாம்பரம் நிமிர்ந்து நின்றார். "பொய்யில்லைம்மா. செவ்வாய்க்கிழமைக்கு அது நிஜம்."

"அப்போ செவ்வாய்க்கிழமைக்கே போய்ப் படுத்துக்கிடவா?"

திலகவதி அம்மா எழுந்து தம் அறையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து மகிழமரத்தடியில் விரித்தார். கூடத்தைத் திறந்துவிடச் சொன்னார். கணினி அறையையும். ஏகாம்பரத்தின் நாற்காலிக்கு மேலே ஒரு தூளி தொங்கியது. கணினியின் மீது ஈரத்துணி காய்ந்தது.

மதியம் ஏகாம்பரம் மரத்தடிக்குப் போய்க் கேட்டார்: "சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சு."

சாயங்காலம் மறுபடி. "சாப்பிட்..."

"ஆச்சு."

எவ்வளவு சுறுசுறுப்பான பதில் என்று ஏகாம்பரம் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

நிலா மலைக்கு மேலே தலைகாட்டிய நேரம், சமையல்கார அஞ்சுகம் அவரை வழிமறித்தாள். "என்னய்யா, அம்மா காலையில சாப்பிட்டதோட சரி. நீங்க கேக்கறதில்லையா?"

ஏகாம்பரம் மூச்சிரைக்க மரத்தடிக்கு ஓடினார். "கேட்டேனேம்மா! ஆச்சு, ஆச்சுன்னீங்களே!"

"உடனே பதில் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. ஆனா பொய்யில்லையா அது?"

"பொய்யில்லை. காலையில அது நிஜம்."

கூடத்துத் தூண் மறைவில் செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏகாம்பரம் மண்ணில் உட்கார்ந்தார். "அப்படின்னா அந்த வித்தையையே தூக்கிடறேன். எதுக்கும் உள்ளே போய்க் கேட்டுட்டே வரட்டும்."

"என் பேர் என்ன?"

"திலகவதி."

"யோசிச்சுச் சொன்னீங்களா?"

"இதுக்கு எதுக்கும்மா யோசனை?"

"எனக்குப் பசிக்குதா?"

ஏகாம்பரம் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். மகிழம்பூ ஒன்று இருவருக்கும் நடுவே விழுந்தது.

"பசிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

இலையைக் கொண்டுவந்து போட்டார். சோறு, குழம்பு, பக்கத்தில் கருணைக்கிழங்கு வறுவல். அம்மா நிதானமாகச் சாப்பிட்டார். ஏகாம்பரத்தின் கண் அந்த வறுவலைவிட்டு நகரவில்லை. உள்ளங்கை அரித்தது.

"அம்மா, இனிமே நான் கணினி அறையிலயா, சமையலறையிலயா?"

அம்மா கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு இலையை மடித்தார்.

"நாளைக்கு வந்து கேளுங்க."