கரைமேல் கூடிய சபை

ஈச்சங்காட்டுக் குளத்தின் கரையில் நண்டுகள் வளை தோண்டித் தோண்டி ஓட்டை போட்டுவிட்டன. முதலில் அது விரல் நுழையும் அளவுதான் இருந்தது. பிறகு முயல் நுழையும் அளவு ஆயிற்று. ஐப்பசி மழைக்கு இன்னும் பத்தே நாள். வெள்ளம் வந்து முட்டினால் கரை உடையும். கரை உடைந்தால் குளம் ஒரே நாளில் காலி. அப்புறம் கோடையில் காட்டுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒண்டிமுத்து என்ற உடும்பு காட்டுக்குப் புதுத் தலைவராக வந்தது. மழைக்கு முன்னால் ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அது ஜெயித்தது. உடும்பு மரமும் ஏறும், தரையிலும் நடக்கும். அதனால் இரண்டு தரப்பும் நம்பி ஓட்டுப் போட்டிருந்தன.

ஆனால் தலைவர் ஆகிவிட்டால் மட்டும் போதுமா? சபையில் சட்டம் நிறைவேற வேண்டுமே.

அந்தச் சபையில் இரண்டு கட்சிகள். மரத்தில் வாழ்பவை கிளைக் கட்சி. அதற்குத் தலைமை வாலாயுதம் என்ற குரங்கு. நிலத்தில் திரிபவை தரைக் கட்சி. அதற்குத் தலைமை சடையாண்டி என்ற காட்டுப்பன்றி. இரண்டும் ஆலமரத்தடிப் பாறையில் எதிரெதிரே உட்காரும். மசோதா பிடித்தவர்கள் வாலைத் தூக்க வேண்டும். இரண்டு கட்சியிலும் பாதிக்கு மேல் வால் எழுந்தால்தான் சட்டம்.

முதல் நாள் ஒண்டிமுத்து மசோதாவைப் படித்தது. தரைக் கட்சி களிமண் கொண்டுவர வேண்டும், கிளைக் கட்சி கொம்பும் தழையும் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் மசோதா. சடையாண்டியின் வால் மெல்ல எழுந்தது. வாலாயுதம் அதைப் பார்த்துவிட்டது. பன்றிக்கே பிடிக்கிறது என்றால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தன் வாலை இறக்கிச் சுருட்டிக்கொண்டது. கிளைக் கட்சி முழுவதும் சுருட்டிக்கொண்டது. அதைப் பார்த்துச் சடையாண்டியும் இறக்கிவிட்டது.

மறுநாள் ஒண்டிமுத்து கொம்பையும் தழையையும் முதலில் எழுதி, களிமண்ணைப் பின்னால் எழுதியது. இந்த முறை குரங்கின் வால் முந்திக்கொண்டது. பன்றி உடனே உறுமிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஒரு மரநாய் எழுந்து, அது ஓட்டைதானா என்று ஆராய ஒரு குழு போட வேண்டும் என்றது. குழுவில் யார் யார் என்று சண்டை வந்தது. இப்படியே ஆறு நாள் ஓடிவிட்டது.

ஒண்டிமுத்து ஒவ்வொரு தலைவரையும் தனியாகப் போய்ப் பார்த்தது.

"மசோதா நல்ல மசோதாதான் தலைவரே," என்றது வாலாயுதம், ஒரு ஈச்சம்பழத்தைக் கடித்தபடி. "ஆனா பன்னி வாலைத் தூக்கும்போது நானும் தூக்கினா, எங்க ஆளுங்க என்னை மரத்துல ஏற விடுவாங்களா?"

சடையாண்டியும் சொல்லி வைத்தது போல அதையேதான் சொன்னது. குரங்குக்குப் பயந்து வாலைத் தூக்கினான் என்று தன் கூட்டம் காறித் துப்புமாம்.

ஒண்டிமுத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குளக்கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஓட்டை வழியாகத் தண்ணீர் சளசளவென்று போய்க்கொண்டிருந்தது. ஆறு நாளும் சபை கூடியதே, ஒருவராவது இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்களா என்று அது யோசித்தது. ஒருவரும் வரவில்லை. எல்லாரும் எதிரில் இருப்பவர் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதியை மாற்றத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் சபை எங்கே கூட வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு. மறுநாள் காலை சபை குளக்கரைமேல் கூடும் என்று ஒண்டிமுத்து அறிவித்தது.

கரையின் உச்சி ஒடுக்கமானது. அங்கே எதிரெதிரே உட்கார இடம் ஏது? வந்த வரிசையிலேயே எல்லாரும் தோளோடு தோள் உரசி, குளத்தைப் பார்த்து நின்றார்கள். பன்றிக்குப் பக்கத்தில் அணில், அணிலுக்குப் பக்கத்தில் கீரி, அப்புறம் குரங்கு. வால்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் தொங்கின. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கால் சறுக்கியது. கணக்கெடுக்கும் கொக்கு மட்டும் பின்னால் கீழே நின்றது.

சடையாண்டியின் கனம் தாங்காமல் ஒரு மண்கட்டி பெயர்ந்து ஓட்டைக்குள் விழுந்தது. ஓட்டை இன்னும் அகலமானது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். 

"யாரும் திரும்ப வேண்டாம்," என்றது ஒண்டிமுத்து. "கீழே தெரியுதே, அதை மட்டும் பாருங்க. அடைக்கணும்னு நினைக்கிறவங்க வாலைத் தூக்குங்க."

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு கொக்கு கழுத்தை நீட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை எண்ணியது.

"இறங்கின வால் ஒண்ணுகூட இல்லை தலைவரே," என்றது.

வாலாயுதம் தட்டுத் தடுமாறித் திரும்பிப் பார்த்தது. சடையாண்டியும் திரும்பியது. இரண்டும் ஒரே நேரத்தில், "நீயுமா?" என்று கேட்டன. இரண்டும் அவசர அவசரமாக வாலை இறக்கின.

"எண்ணி முடிச்சாச்சு," என்றது கொக்கு. "இனிமே இறக்கினா என்ன, ஏத்தினா என்ன?"

பன்றிகள் களிமண்ணை மிதித்துக் குழைத்தன. குரங்குகள் கொம்புகளை நட்டுத் தழையைத் திணித்தன. இரண்டு நாளில் ஓட்டை அடைபட்டது. மூன்றாம் நாள் மழை கொட்டியது. குளம் நிரம்பித் ததும்பியது, கரை அசையவில்லை.

நாங்கள்தான் முதலில் வாலைத் தூக்கினோம் என்று கிளைக் கட்சி இன்றைக்கும் சொல்கிறது. தரைக் கட்சியும் அதையேதான் சொல்கிறது. ஒண்டிமுத்து இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டுவிட்டு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடும்.

எதிரில் இருப்பவனையே பார்த்து முடிவெடுப்பவர்கள், தங்கள் காலடியில் மண் சரிவதைக் காண மாட்டார்கள்.