பேர் வெட்டிய அண்டா

தள்ளாத வயசுக்கென்று ஊர்க் களஞ்சியத்தில், வரி இல்லாமல், ஆளுக்கு வருஷம் ஓர் அண்டா நெல்தான் போட்டு வைக்கலாம். அது ராஜா வைத்த வரம்பு. மிராசுதார் வைத்திலிங்கமோ வண்டி நிறைய அண்டாக்களோடு வந்து நின்றார்.

"ஆளுக்கு ஒண்ணுதாங்க." காவல்காரி செங்கமலம் கதவை விட்டு நகரவில்லை.

"மிச்சத்தை என் பண்ணையாட்கள் பேரில் போடு!"

"அப்போ அண்டாவுல அவங்கவங்க பேர் வெட்டணுமே, எஜமான்?"

"வெட்டித் தொலை!"

உளியை எடுத்து அண்டாவுக்கு ஒருத்தர் பேராக வெட்டினாள். பிறகு வண்டியோடு வந்த பண்ணையாட்களிடம் உரக்கச் சொன்னாள்: "வயசான காலத்துல அவங்கவங்க பேரைப் பார்த்து எடுத்துக்குங்கப்பா!"

"அடியே, அது என் நெல்லு!"

"அப்போ வரம்பை மீறினது நீங்கதான்னு ராஜாகிட்ட சொல்லிடட்டுங்களா?"

"மகராசனா இருக்கணும் எஜமான்!" என்று பண்ணையாட்கள் கும்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் மிராசுதார் கை தூக்கி ஆசீர்வதித்தார்.